கல்லூரிக்கு மைக்ரோகிரிட்: மகள் இந்த ப்ராஜெக்டை எடுக்கலாமா?

வணக்கம் சார். மகள் இ.இ.இ. மூன்றாம் ஆண்டு, தன் கல்லூரி வளாகத்துக்கே மைக்ரோகிரிட் (வளாகத்துக்கென்று ஒரு குட்டி மின் வலையமைப்பு) வடிவமைப்பதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கப் போகிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா, பேசாமல் சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் முக்கால்வாசி சோலார் பேனல் கணக்குதான் இருக்கிறது, என் கவலை அதுதான்.

மொட்டைமாடி முழுக்க பேனல் போட்ட கட்டடத்திலும் கரண்ட் போனால் பட்டப்பகலில் ஃபேன் நின்றுவிடும், கவனித்திருக்கிறீர்களா? சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானும் அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. மைக்ரோகிரிட் என்பது வெளி லைனிலிருந்து பத்திரமாகப் பிரிந்து தனியாக ஓடி, கரண்ட் திரும்பியதும் அலைக்கு அலை ஒத்துவரும் நேரம் பார்த்து மறுபடி இணைவது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூஜெர்சியை இருட்டாக்கியபோது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் கொடுத்தது அவர்களுடைய சொந்த 15 மெகாவாட் கேஸ் டர்பைன். வெளி லைனை விட்டு விலகி ஓடத் தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமானது.

அதனால் மகளிடம் இதையெல்லாம் கேளுங்கள்: பிரிந்த அந்த நொடியில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தப் போவது யார், பேட்டரி இன்வெர்ட்டரா, டீசல் ஜெனரேட்டரா? ஜெனரேட்டர் என்றால், வெயில் ஏறி சோலார் கூடும்போது அதன் சுமை 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடுமே, அது இன்ஜினுக்கு ஆகாதே, அப்போது என்ன செய்வாள்? ஷார்ட் சர்க்யூட் ஆனால் கிரிட்டிலிருந்து, அதாவது வெளி லைனிலிருந்து, மின்னோட்டம் பல மடங்கு பாயும், அதைப் பார்த்துத்தான் ரிலே என்ற காவல் கருவி பிரேக்கரைத் தட்டிவிடும். இன்வெர்ட்டரோ பெரும்பாலும் ஒன்றரை மடங்குகூடத் தராது, அப்போது ரிலேவுக்குக் கோளாறே தெரியாமல் போகலாம். இன்டர்வியூவில் நோண்டுவது இந்த இடத்தைத்தான். பேனல் எண்ணிக்கையை யாரும் கேட்கப் போவதில்லை.

வேலை விஷயம். ரிலே, சுவிட்ச்கியர் (பிரேக்கர் போன்ற மின் இணைப்புக் கருவிகள்), பேட்டரி செய்யும் நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள் எல்லாவற்றுக்கும் இதெல்லாம் தெரிந்த ஆட்கள் தேவை. மின் கருவிகள் செய்யும் ஹிட்டாச்சி எனர்ஜிக்குச் சென்னையிலேயே பெரிய பொறியியல் மையம் இருக்கிறது, மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட், கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கிறது. ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேரைவிடக் குறைவாக இருக்கலாம், சைட்டுக்கும் போக வேண்டிவரும், அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். கோடிங்கும் வீண் இல்லை. மின் வலையமைப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஓப்பன்டிஎஸ்எஸ் மென்பொருள் இலவசம், பைத்தானிலிருந்தே அதை ஓட்டலாம். அதற்கென்று தனியாக லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லூரி எலக்ட்ரிகல் சூப்பர்வைசரைப் பார்த்து, ஹாஸ்டல், லேப், தண்ணீர் மோட்டார் என்று ஃபீடர் (ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின் லைன்) வாரியாக ஒரு மாத லோடு விவரம் வாங்கட்டும். சோலார் கணக்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.