கொழும்பு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் மனநிறைவோடு வீடு திரும்ப, மேலிடத்தைப் பொறுப்புச் சொல்ல வைப்பது உதவுமா?

உதவும். ஆனால் எதற்குப் பொறுப்புச் சொல்ல வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

தாதியருக்கும் வரவேற்பு மேசையில் நிற்பவர்களுக்கும் கனிவாகப் பேசும் பயிற்சி மூன்று தடவை நடத்தியும் கருத்துப் படிவங்களில் மாற்றமில்லை, இனி நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டுமா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 வருடம் முறைப்பாடு கேட்கும் மேசையில் இருந்தவள். அதே மாதிரிப் பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதில் கற்றுக்கொள்ள நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் என் மேசைக்கு வந்த சனங்களில் பலர், யாரோ முகம் சுளித்தார் என்று சொல்ல வரவில்லை. காத்திருந்து காத்திருந்து களைத்துப்போய் வந்தார்கள்.

அதிலும் வீட்டுக்குப் போகிற நாள்தான் மோசம். காலை எட்டரைக்கு டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கு வீட்ட போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். மகன் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வருவார். வெளியே வான் நிற்கும். அப்புறம் வாட்டு டொக்டர் அறிக்கை எழுத வேண்டும், மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போக வேண்டும், லாப் கணக்கு முடிய வேண்டும், இன்சூரன்ஸ்காரர் சம்மதம் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் பில். கட்டி முடிக்கும்போது பின்னேரம் நாலு மணி ஆகிவிடும். இத்தனை நேரமும் அந்தக் குடும்பத்தின் கண்ணில் படுகிற ஒரே ஆள் வாட்டில் நிற்கிற மிஸ்ஸி, அதாவது தாதி. கோபமெல்லாம் அவர் தலையில்தான் இறங்கும். பில்லைச் சீக்கிரம் வரவைக்க அவரிடம் எந்த அதிகாரமும் கிடையாது. அவரை நூறு தடவை சிரிக்கச் சொன்னாலும் அந்த வான் நாலு மணிக்குத்தான் புறப்படும்.

எங்களுக்குப் புதிதாக ஒரு பொது முகாமையாளர் வந்தார். வந்த இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டு, இன்று வீடு போகிற ஒரு நோயாளியோடு கடைசிவரை நாமும் இருப்போம் என்றார். வத்தளையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. தமிழ் மட்டும்தான் தெரியும், அதனால் நான் மொழிபெயர்க்கப் போனேன். முகாமையாளர் கையில் ஒரு கொப்பி, ஒவ்வொரு இடத்திலும் மணியைக் குறித்துக்கொண்டார். வாட்டு டொக்டர் முழு வாட்டையும் பார்த்து முடித்த பிறகுதான் அறிக்கைகளை எழுத உட்காருகிறார். திரும்பும் மருந்தை எடுக்க ஆள் ஒரு நாளைக்கு இரண்டே தடவை வருகிறார். பத்து மணி வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்றரைக்கு. இன்சூரன்ஸ் கடிதம் அறிக்கை வந்த பிறகே போகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் வேலையைத் தனக்குக் கொடுத்த நேரத்துக்குள் சரியாகவே செய்தது. அந்த அம்மா மட்டும் கட்டிலின் விளிம்பில், உடுத்திய சேலையோடு, ஏழு மணித்தியாலம் இருந்தார்.

அன்று மாலைக் கூட்டத்தில் முகாமையாளர், இந்த ஏழு மணித்தியாலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். யாரும் பேசவில்லை. பேச வழியும் இல்லை, அது யாருடைய வேலையாகவும் எழுதப்பட்டிருக்கவில்லை. சரி, அப்படியென்றால் நான்தான் என்று சொல்லி, பணிப்பாளர் சபைக்கு மாதாமாதம் போகிற அறிக்கையில், வீடு போகச் சொன்ன நேரத்துக்கும் வாசலைத் தாண்டிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது. நாளைக்குப் போகக்கூடியவர்களின் பட்டியலை வாட்டு ஸிஸ்டர் முதல் நாள் பின்னேரமே எழுதத் தொடங்கினார். இரவு வேலை டொக்டர் அறிக்கையின் பெரும்பகுதியை முடித்து வைத்தார். மருந்து எடுக்கும் ஆள் காலை ஏழரைக்கும் ஒரு தடவை வந்தார். இன்சூரன்ஸ் கடிதங்கள் முதல் நாளே போயின. கடினமாக இருந்தது விசேட வைத்திய நிபுணர்களின் நேரம். அவர்களிடம் போய், காலைச் சுற்றில் வீடு போகிறவர்களை முதலில் பாருங்கள் என்று கேட்க ஒரு ஸிஸ்டரால் முடியாது. முகாமையாளர் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார். சிலர் உடனே ஒத்துக்கொண்டார்கள், சிலருக்கு மாதங்கள் எடுத்தன. என் மேசையில் வரிசை குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நோயாளியின் துன்பம் பெரும்பாலும் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த நடுவிடத்தைத் தொடுகிற அதிகாரம் இரண்டுக்கும் மேலே இருப்பவருக்கு மட்டுமே உண்டு. தலைமை பொறுப்பேற்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தனியாரிடம் காசு இருக்கிறது, செய்யலாம் என்பீர்கள். பொரளைக்குப் போய்ப் பாருங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலை ஓர் இலவச அரச ஆஸ்பத்திரி. 2000ஆம் ஆண்டில் அங்கே பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பயன்படும் ஐந்து எஸ் முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை அகற்றுவது, மிஞ்சியதை ஒழுங்காக வைப்பது, துப்புரவு, அதை ஒரே தரத்தில் பேணுவது, பழக்கமாக்குவது. கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். அவசரத்தில் எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்று தேடாமல் எடுக்க முடிந்தால் பிரசவ அறையில் அதன் பெறுமதி என்ன என்று ஒரு மிஸ்ஸியைக் கேட்டுப் பாருங்கள். 2007 முதல் ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜய்க்கா இதே அனுபவத்தை 15 ஆபிரிக்க நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. அந்த நாடுகளின் சுகாதார அதிகாரிகள் கற்க வந்தது நம் பொரளைக்கு. அதைத் தொடங்கியது ஒரு பணிப்பாளர், அதைப் பல வருடம் விடாமல் பிடித்துக்கொண்டவரும் அவரே. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

இனி என் அம்மாவின் கதை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சீனி வருத்தம் கூடி அனுமதித்திருந்தோம். கவனிப்பு நன்றாகவே இருந்தது. மிஸ்ஸி தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களை வைத்து அன்பாகப் பேசினார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஏழு கடதாசிப் பைகளில் குளிசைகள் தந்தார்கள். மேலே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிறுக்கியிருந்தது. விளக்கியதைக் கேட்டு அம்மா தலையாட்டினார். விளங்கவில்லை என்று சொன்னால் மரியாதையில்லை என்று நினைக்கிற தலைமுறை அது. வீட்டில் முன்பு வெளியே வாங்கிய ஒரு சீனிக் குளிசை இருந்தது. வேறு பெயர், உள்ளே அதே மருந்து. அம்மா நாலு நாள் இரண்டையும் போட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலை வேர்த்து, பேச்சுக் குழறி, குசினியில் விழுந்தார். சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் தப்பினார்.

முதல் தடவை வீடு வரும்போது அவர் நிரப்பிய கருத்துப் படிவத்தை நான் பார்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று புள்ளடி போட்டிருந்தார்.

டொக்டர் எழுதியது சரி. பார்மசி கொடுத்தது சரி. மிஸ்ஸி விளக்கியதும் சரி. விளங்கியதா என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. வாட்டின் பெயர்ப்பலகையில் அந்தத் தமிழ் இருக்கிறது, குளிசைப் பையில் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும். பணிப்பாளர் ஒருவர் நினைத்தால் என்னென்ன செய்யலாம்? சூரியனும் நிலவும் வரைந்த, மூன்று மொழி ஒட்டுத்துண்டு அச்சடிக்கலாம். எந்த வேளையில் தமிழ் தெரிந்தவர் எந்த வாட்டில் நிற்கிறார் என்று ஒரு பட்டியல் வைக்கலாம். வீடு போகுமுன், "வீட்ட போய் இதை எப்படிப் போடுவீங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ அம்மா" என்று கேட்பதை ஒருவரின் கடமையாக எழுதி வைக்கலாம். அந்தக் கடைசி வரி இருந்திருந்தால் என் அம்மா விழுந்திருக்க மாட்டார்.

அதனால் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'திருப்தியா?' என்று கேட்டால் நம் சனம் 'ஓம்' என்றுதான் சொல்லும். அதுவும் பில் மேசையில், வெளியே போகிற அவசரத்தில், நாளைக்கும் இங்கேதான் வர வேண்டும் என்ற பயத்தோடு. அமெரிக்காவில் எச்கேப்ஸ் என்று ஒரு தேசியக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2008 முதல் அதன் முடிவுகளை ஆஸ்பத்திரி வாரியாக எவரும் பார்க்கலாம். வீடு போய் 48 மணித்தியாலம் கழிந்த பிறகே, ஆறு வாரத்துக்குள் கேட்கிறார்கள். கேள்வியும் வேறு மாதிரி: தாதியர் உங்களுக்கு விளங்கும்படி எத்தனை தடவை விளக்கினார்கள்? ஒருபோதும் இல்லை, சில வேளை, பெரும்பாலும், எப்போதும். உயர்ந்த புள்ளியாகக் கணக்கில் சேர்வது 'எப்போதும்' என்ற பதில் மட்டும். 2012 ஒக்டோபரிலிருந்து அந்தப் புள்ளிகள், ஆஸ்பத்திரிகளுக்கு அரசு கொடுக்கும் பணத்தோடும் சேர்ந்துவிட்டன.

பணத்தோடு சேர்த்ததில் ஆபத்தும் இருக்கிறது. வலி பற்றிய கேள்விகள் டொக்டர்களை, பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய ஓப்பியொய்ட் வலிமருந்துகளை அதிகம் எழுதத் தூண்டும் என்ற கவலை எழுந்து, அவற்றைப் பணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சுமார் 50,000 பேரைப் பார்த்தது. மிக அதிகத் திருப்தி சொன்னவர்களிடையே மருந்துச் செலவும் அதிகம், இறப்பும் அதிகமாக இருந்தது. திருப்திதான் காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் புள்ளியை மட்டும் துரத்துகிறவர்கள் அதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தை நானே பார்த்தேன். ஒரு காலத்தில் எங்கள் மேலிடம், இந்த மாதம் முறைப்பாடே இருக்கக் கூடாது என்றது. முறைப்பாடு வந்த வாட்டின் ஸிஸ்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. இரண்டே மாதத்தில் படிவங்கள் என் மேசைக்கு வருவது நின்றுவிட்டது. கோபத்தில் எழுதிய படிவங்கள் வாட்டு மேசை இழுப்பறைக்குள் இருந்தன. இங்கிலாந்தின் ஸ்டாபர்ட் ஆஸ்பத்திரியில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் சரியான கவனிப்பின்றித் துன்பப்பட்டது இதன் மிகக் கொடிய வடிவம். சபையின் கவனம் நிதியிலும் இலக்குகளிலும் இருந்தது, நோயாளிகளும் குடும்பங்களும் சொன்னதை அது கேட்கவில்லை. 2013இல் அதை ஆராய்ந்த பிரான்சிஸ் விசாரணையின் அறிக்கை 290 பரிந்துரைகளோடு வெளிவந்தது. நடந்ததை நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமை அங்கே அதற்குப் பிறகுதான் வந்தது. பொறுப்பு கீழ் நோக்கி உருண்டால் பயம்தான் வளரும், உண்மை மேலே வராது.

ஆள் இல்லையே என்ற பதிலையும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள், மருந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஓர் அரச பணிப்பாளரால் ஆள் சேர்க்கவும் முடியாது, மருந்து இறக்குமதி செய்யவும் முடியாது. ஆனால் இன்று இந்த மருந்து இல்லை, வெளியே வாங்க வேண்டும், இன்ன விலை வரும் என்று காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்பவர்களுக்கு மூன்று மொழியில் சொல்ல வைக்க அவரால் முடியும். மூன்று மணித்தியாலம் நின்று ஜன்னலடியில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் முதலிலேயே தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் சொல்வது இது. நாலாவது பயிற்சிக்கு ஒதுக்கிய நாளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் உங்கள் தலைமை அதிகாரியை, வீடு போகிற ஒரு நோயாளியின் பக்கத்தில், அவர் வாசலைத் தாண்டும்வரை உட்காரச் சொல்லுங்கள். சிங்களம் தெரியாத ஒரு நோயாளியாகத் தேர்ந்தெடுங்கள். கையில் ஒரு கொப்பியும் கடிகாரமும் போதும். நேரம் எங்கே போனது என்பதை அவர் கையாலேயே எழுதட்டும். எழுதியதில் ஒன்றைத் தன் பெயரில், திகதி போட்டு எடுத்துக்கொள்ளட்டும். படிவத்தைத் திருத்துவதை அதன் பிறகு பார்க்கலாம்.