எல்விஎம்: இடம் கூட்டியும் டிஎஃப் பழைய அளவையே காட்டுவது ஏன்?

பல வட்டுகளின் இடத்தை ஒன்றாகக் குவித்து, வேண்டிய அளவுக்குத் தொகுதிகளாக வெட்டித் தரும் லினக்ஸ் கருவிதான் எல்விஎம். வெட்டுவது துண்டுக் கணக்கில். வழக்கமான துண்டு 4 எம்பி.

சேலம் லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர் நடுச்சுவரை இடித்துப் பக்கத்துக் கிடங்கையும் சேர்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். இருப்பேட்டில் புது இடம் ஏறாதவரை கணக்குப்பிள்ளை அங்கே ஒரு மூட்டைகூட இறக்கமாட்டார். தொகுதியைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை சுவரை இடிப்பதோடு சரி. ஏடு என்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை. இடம் எவ்வளவு என்று காட்டும் டிஎஃப் கட்டளை படிப்பது அந்த ஏட்டைத்தான்.

ஆகவே ஏட்டிலும் புது இடத்தை ஏற்ற, கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4 வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளையை ஓட்டவேண்டும். எல்விஎக்ஸ்டெண்டுடன் சின்ன 'ஆர்' விருப்பத்தைச் சேர்த்தால் இரண்டு வேலையும் ஒரே கட்டளையில் முடியும். (இது இயல்பாகவே இருந்திருக்கலாம், பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.)

குறைக்கும்போது வரிசை தலைகீழ். ஈஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), முதலில் ஏட்டைச் சுருக்கி, பிறகுதான் சுவரை நகர்த்தவேண்டும். மாற்றிச் செய்தால் கடைசிப் பகுதித் தரவு அறுபடும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இந்த வேலைக்கே இறங்கவேண்டாம்.

வட்டுகளைச் சேர்த்தாலே தரவுக்கு நகல் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது, தரவின் நகலை வேறு வட்டிலும் வைக்கும் ரெய்டு அமைக்காவிட்டால் ஒரு வட்டு செத்தாலே அதில் பரவியிருக்கும் தொகுதி படுத்துவிடும்.