சுவரில் மாட்டிய சான்றிதழ்

கேள்வி: என் மாமனாரின் முதுகுவலிக்காகப் புதுச்சேரியில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும்) சிகிச்சை செய்யும் ஒருவரிடம் சென்றோம். வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதை நம்பலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சங்கம் வேறு, ஒழுங்குமுறை மன்றம் வேறு. சங்கம் என்பது ஒரு தொழில் செய்வோர் தங்கள் நலனுக்காகத் தாமே கூடி அமைத்துக்கொள்வது. மன்றமோ சட்டத்தால் பிறந்தது, நோயாளியின் புகாரை விசாரித்து ஒருவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கும் அதிகாரம் பெற்றது. பிரிட்டனில், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொதுக் கைரோபிராக்டிக் மன்றத்தில் பதிவு செய்யாதவர் தம்மைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாகும். அமெரிக்காவில் மாநில உரிம வாரியங்கள் உள்ளன. 1988இல் தொடங்கிய உலகக் கைரோபிராக்டிக் கூட்டமைப்பு, பெயரில் உலகையே சுமந்தாலும், தேசியச் சங்கங்களின் கூட்டமைப்புதான். உரிமம் வழங்குவது அதன் வேலையன்று.

இந்தியாவில் இத்துறைக்கெனத் தனிச் சட்டபூர்வ மன்றம் இல்லை. ஆகவே, சுவரில் மாட்டிய சான்றிதழைவிட அவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தார் என்பதையே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் முழுப் படிப்புக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சியை எதிர்பார்க்கின்றன. சில வார இறுதி வகுப்புகளில் அது அடங்காது. மாமனாருக்குக் கால் மரத்துப்போதலோ எலும்பு மெலிவோ இருந்தால், முதுகில் எவரும் கைவைக்கும் முன் எலும்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.