குப்பைமேட்டருகே போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக்: எங்கிருந்து வருது?

தேவிபட்டினம் பக்கம், குப்பைமேட்டருகே உள்ள போர்வெல்லில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் லிட்டருக்கு 0.03 மி.கி.; குப்பைதான் காரணமான்னு கேட்டிருக்கீங்க. குடிநீருக்கு வரம்பு 0.01 தான். குடிக்க, சமைக்க இப்பவே நிறுத்துங்க, காய்ச்சினாலும் போகாது.

குப்பையில் ஆர்சனிக் இருக்கணும்னே இல்லை. குப்பையிலிருந்து இறங்கும் கசிவுநீர் நிலத்தடி நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டால், மணலில் ஒட்டிய இரும்புத்துரு கரைந்து, அது பிடித்துவைத்த ஆர்சனிக்கும் தண்ணியில் இறங்கும். அதனால இரும்பு, மாங்கனீஸ், அம்மோனியாவும் சேர்த்துப் பாருங்க. குப்பைக்கு மேல்வாட்டத்தில் (நிலத்தடி நீர் ஓடிவரும் பக்கம்) ஒரு கிணறு, கீழ்வாட்டத்தில் (அது ஓடிப்போகும் பக்கம்) இரண்டு கிணறுன்னு மாதிரி எடுங்க. வாட்டத்தைக் கண்ணால் முடிவு செய்யாதீங்க, நீர்மட்டத்தை அளங்க. மேல்வாட்டத்திலும் அதே அளவுன்னா மண்ணைத்தான் சந்தேகப்படணும். கசிவுநீரிலும் கடல்நீரிலும் உப்பு உண்டு, அதனால நம்ம கடலோரத்தில் குளோரைடு (உப்பில் இருப்பது) மட்டும் பார்த்தா ஏமாற்றும்; குளோரைடு-புரோமைடு எடை விகிதம் 290-ஐ ஒட்டினால் உப்பு பெரும்பாலும் கடலுடையது.

மாதிரியை வடிகட்டிய பிறகே நைட்ரிக் அமிலம் விடுங்க, 0.45 மைக்ரான் வடிகட்டி. வடிக்காம அமிலம் விட்டா மிதக்கும் துரு கரைந்து ஆர்சனிக் கூடுதலாகக் காட்டும்.