உறுப்பினர்: எதன் உறுப்பு?

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு வாக்குவாதம். ‘உறுப்பினர்’ ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல், ‘அங்கத்தினர்’தான் இயல்பானது என்கிறார் ஒருவர். உறுப்பு என்றால் கை, கால். மனிதரை அப்படிச் சொல்லலாமா என்கிறார் இன்னொருவர். எம்.எல்.ஏ.வைச் சட்டமன்ற உறுப்பினர் என்பதா, சட்டப்பேரவை உறுப்பினர் என்பதா?

வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

அங்கம் என்ற வடசொல்லுக்கும் உடலுறுப்பு என்றுதான் பொருள். ‘மெம்பர்’ பிறந்த லத்தீன் ‘மெம்ப்ரும்’ என்பதற்கும் அதே. மூன்று சொல்லிலும் சபைதான் உடல், அதில் இருப்பவர் அதன் உறுப்பு. ஆகவே அங்கத்தினரை வைத்துக்கொண்டு உறுப்பினரைத் தள்ள வழியில்லை.

உறு என்றால் பொருந்து, சேர். அதிலிருந்து உறுப்பு, அதனோடு ‘இன்’ சாரியையும் ‘அர்’ விகுதியும் சேர உறுப்பினர். இந்த ‘அர்’ இன்று மரியாதைக்கானது. அதனால்தான் ஒருவரை உறுப்பினர் என்றும் பலரை உறுப்பினர்கள் என்றும் சொல்கிறோம். ஃபிளெக்ஸ் பலகைகளில் ‘உருப்பினர்’ என்று அச்சாவதைத் தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். உரு என்றால் வடிவம். சொல்லின் வேரே அறுந்துபோகிறது.

உடலுக்கு வெளியே ‘உறுப்பு’ வருவதும் புதிதல்ல. ‘இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும் வல்லரணும் நாட்டிற்கு உறுப்பு’ என்பது 737ஆம் குறள். சேர்வராயன் மலையையும் அங்கிருந்து சேலத்துக்கு இறங்கும் திருமணிமுத்தாற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘ஏற்காடு சட்டமன்ற உறுப்பினர்’ என்றால் அவர் ஏற்காட்டின் உறுப்பு அல்ல, சென்னையில் கூடும் மன்றத்தின் உறுப்பு. ஏற்காடு அவரை அனுப்பிய தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றது சேந்தமங்கலம். அனுப்பியவர்களோடு அவருக்குள்ள உறவைச் சொல்ல ‘பிரதிநிதி’ என்ற வேறு சொல் இருக்கிறது. மேடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எந்த அவையில் இருக்கிறார் என்பதை ஒரு சொல் சொல்கிறது. யாருக்காக இருக்கிறார் என்பதை மற்றொன்று சொல்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. அரசியலமைப்பின் 168ஆம் பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றம் என்பது ஆளுநரும் அவையும் சேர்ந்தது. எம்.எல்.ஏ. அமர்வது அதிலுள்ள பேரவையில். மேலவை இருந்தவரை அதன் உறுப்பினரை எம்.எல்.சி. என்றார்கள், அப்போது ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்ற ஐயம் எழ இடமிருந்தது. 1986இல் மேலவை ஒழிந்தபின் அந்த ஐயமும் போயிற்று. பேச்சில் எதையும் சொல்லலாம். துல்லியம் வேண்டிய மனுவில் ‘சட்டப்பேரவை உறுப்பினர்’ என்று எழுதுங்கள், நடுவிலுள்ள ‘ப்’ விடாமல். சேலம் மாநகராட்சிக் கவுன்சிலருக்கான மனு என்றால் ‘மாமன்ற உறுப்பினர்’.