வயல் கேள்விகள்: வாடின பிறகு ஊற்றிய சூடோமோனாஸ்

கேள்வி: செய்யாறு பக்கம் 2 ஏக்கரில் மணிலா (நிலக்கடலை) போட்டிருந்தேன். 45 நாளுக்கு மேல் திட்டுத் திட்டாக வாட ஆரம்பித்தது. பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, அதில் கடுகு போல உருண்டைகள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடி வாங்கி, காப்பர் மருந்தையும் சேர்த்துக் கரைத்து வேரில் ஊற்றினேன். ஒரு செடிகூடத் தேறவில்லை. பாக்டீரியா பூஞ்சையை அடக்கும் என்பதெல்லாம் சும்மாவா?

பதில்: சும்மா இல்லை, ஆனால் நீங்கள் செய்ததில் இரண்டு இடத்தில் தவறிவிட்டது. முதலாவது காப்பர். அது பாக்டீரியாவையும் கொல்லும், அதனால்தான் பாக்டீரியா நோய்களுக்கே அதைத் தெளிக்கிறோம். அதையும் சூடோமோனாஸையும் ஒரே டிரம்மில் கரைத்தால் கொதிக்கிற பாலில் உறை ஊற்றின மாதிரிதான்.

இரண்டாவது, நேரம். நீங்கள் பார்த்தது தண்டழுகல், ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சையின் வேலை. அந்தக் கடுகு உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து அப்புறம் பழுப்பாகும், செடி செத்த பிறகும் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சூடோமோனாஸ் அவற்றைத் தேடிப் போய்க் கொல்லாது. அதற்குத் தெரிந்தது இடம் பிடிப்பது. விதை முளைத்து வேர் விடும்போது வேரிலிருந்து கசிகிற சர்க்கரையைத் தின்று வேரோடு வேராகப் படிந்துகொள்ளும், மண்ணில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைக்க ஒரு பொருளைச் சுரந்து பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் (புற ஊதா ஒளியில் வைத்தால் பச்சை மஞ்சளாக மின்னுவது இந்தப் பொருள்தான், சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற முழுப்பெயரில் உள்ள ஃப்ளோரசன்ஸ் அதனால் வந்தது), பூஞ்சையைத் தடுக்கும் வேறு சில பொருள்களையும் விடும், போதாததற்குச் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் முன்கூட்டியே உசுப்பி வைக்கும். இவ்வளவும் பூஞ்சை வருவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். தண்டு அழுகி வாடின செடிக்கு ஊற்றி என்ன ஆகப்போகிறது?

கோதுமையில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை விதைத்தபோது வேரழுகல் முதலில் ஏறி, சில வருடங்களில் தானாகவே குறைந்தது. காரணம் தேடினால், அந்த மண்ணில் பூஞ்சையைத் தடுக்கும் பொருளைச் சுரக்கிற சூடோமோனாஸ்கள் வேரில் பெருகியிருந்தன. அதற்காக நீங்களும் வருடா வருடம் மணிலாவே போடாதீர்கள், நம் தண்டழுகலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரு போகம் கம்போ சோளமோ நெல்லோ வரட்டும்.

அடுத்த பட்டத்துக்கு, ஒரு கிலோ விதைப் பருப்புக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி. மணிலாப் பருப்பின் தோல் சட்டென்று கழன்றுவிடும் என்பதால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், ஆறின கஞ்சியைக் கொஞ்சமாகத் தெளித்துச் சாக்கில் போட்டுப் புரட்டினால் பொடி ஒட்டும். ரைசோபியமும் (வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) போடுவதாக இருந்தால் சூடோமோனாஸ் முதலில், அதன்மேல் ரைசோபியம். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ மக்கின தொழு உரத்தில் கலந்து ஈரம் உள்ள மண்ணில் தூவுங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும், அரைகுறையாக மக்கினது அந்தப் பூஞ்சைக்குத்தான் விருந்து. ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போதும் உதிர்ந்த இலை, வெட்டின களை எதுவும் தண்டை ஒட்டிக் குவியக் கூடாது. 45 நாளுக்கு மேல் வாடியது என்கிறீர்களே, அணைத்ததும் அந்தச் சமயத்தில்தானே?

கேள்வி: ஈரோடு பக்கம் மஞ்சள் போடுகிறோம், கிழங்கழுகல் தொல்லை. சூடோமோனாஸ் ஒரு பாக்கெட் வாங்கி வெல்லத் தண்ணீரில் பெருக்கி எல்லா வயலுக்கும் விடலாமா?

பதில்: நிறையப் பேர் செய்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெல்லத் தண்ணீரில் சூடோமோனாஸ் மட்டுமா வளரும்? டிரம்மில், காற்றில், தண்ணீரில் இருக்கிற எல்லாமே வளரும், எது ஜெயித்தது என்று மூக்கை வைத்துச் சொல்ல முடியாது. தொழு உரத்தில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் சாக்குப் போட்டு மூடிச் சில நாள் வைத்துப் போடுங்கள், அது போதும்.

ஆனால் மஞ்சளில் முதல் வேலை வடிகால். கிழங்கை அழுக வைக்கிற பித்தியம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. பாத்தியில் தண்ணீர் தேங்கினால் எந்த பாக்டீரியாவும் கைகொடுக்காது. விதைக் கிழங்கைப் பொறுக்கி, மென்மையாக இருப்பதை ஒதுக்கி, நல்லதை மட்டும் சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள்.

கேள்வி: டிரைக்கோடெர்மாவும் இதுவும் ஒன்றுதானா? சேர்த்துப் போடலாமா?

பதில்: டிரைக்கோடெர்மா பூஞ்சை, பாக்டீரியா இல்லை. பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. சூடோமோனாஸ் சுரப்பதோ பூஞ்சைக்கு ஆகாத பொருள், அதனால் எல்லா ரகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சேர்த்துப் போடலாம் என்று பாக்கெட்டில் இல்லையென்றால் ஒன்றை விதையிலும் இன்னொன்றை எருவிலுமாகப் பிரித்துக் கொடுங்கள்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். டால்க் பொடியில் உள்ள சூடோமோனாஸ் மூன்று நான்கு மாதம் தாங்கினால் பெரிது, அதற்கு மேல் எண்ணிக்கை இறங்கிவிடும். ஒரு கிராமில் 10 கோடி பாக்டீரியா இருக்க வேண்டிய சரக்கு இது, வெயிலடிக்கிற கடை வாசலில் அடுக்கிவைத்திருந்தால் வாங்காதீர்கள். பேசில்லஸ் என்ற இன்னொரு வகை பாக்டீரியா கெட்டியான உறைக்குள் வித்தாக உறங்கும் என்பதால் சூட்டையும் நாளையும் அதிகம் தாங்கும், தூரத்திலிருந்து வந்து வாங்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது தோது.