பிரேக் பெடல் தரை தொடும் ராணுவ லாரி: மெதுவாக ஓட்டி வரலாமா?

பல வருடம் நின்ற பழைய ராணுவ லாரி, பிரேக் பெடல் தரை வரை போகிறது, மெதுவாக ஓட்டி வரலாமா என்று கேட்கிறீர்கள். ஓட்ட வேண்டாம், 20 கிமீ வேகத்திலும்கூட. லோபெட் டிரெய்லரில் (தளம் தாழ்ந்த இழுவண்டி) ஏற்றி வாருங்கள். ஏற்றும்போது வின்ச்சால் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) இழுங்கள். சொந்த எஞ்சினில் சரிவு ஏறக் கூடாது. ஏற்றியதும் சக்கரக் கட்டை, நான்கு மூலையிலும் சேஸிஸில் சங்கிலி. கயிறு கட்டி இழுப்பது இன்னும் மோசம், முன்வண்டி நின்றால் உங்கள் வண்டி நிற்காது.

இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்கிறீர்கள். பல வருடம் சும்மா நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் பாகம்) ரப்பர் இறுகி பிரேக் ஆயில் கசிந்து, லைனில் காற்று ஏறியிருக்கும். பழைய ராணுவ லாரிகள் பலவற்றில் ஒரே பிரேக் சர்க்யூட்தான், அதாவது எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு சக்கரத்தில் கசிந்தாலே மொத்தமும் போச்சு.

வண்டி நின்றபடியே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால், டயர்களின் உள்பக்கச் சுவரில் ஈரக்கோடு தேடுங்கள். எங்குமே ஈரம் இல்லையென்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் பாகம்) உள்ளேயே கசிகிறது.

ஆயில் ஊற்றும் முன் நிறம் பாருங்கள். ஊதா என்றால் சிலிகான் பிரேக் ஆயில் (டாட் 5 வகை) ஆக இருக்கலாம். அதில் சாதாரண டாட் 3, டாட் 4 வகை ஆயில் கலக்கவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை நம்பியும் கிளம்பாதீர்கள். பல மாடல்களில் அது சக்கரங்களை அல்ல, புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு) பிடிக்கும், நிறுத்தி வைக்க மட்டுமே.